மோட்டார் ஓடும்போது போட்ட இசைத்தட்டு

என் இடது காது கேட்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவது போலத் தோன்றினாலும் நான் எழுதுவது அந்தக் காதைப் பற்றித்தான்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் ஒரு கேன்டீன், கோவாவில் ஓட்டல் சமையல்கட்டு. எந்த ஊரிலும் மனசு தரிக்கவில்லை. என்னைத் துரத்திவிட்ட வேலையைவிட நானாக விட்டுவிட்டு வந்த வேலைதான் அதிகம். கடைசியில் சொந்தப் பக்கமே திரும்பி, பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பையில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கும் காவலுக்கும் சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் செலோ வாசிப்பவர். வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும் அந்த வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் இழுக்க வேண்டும். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கிய குடும்பம் அவருடையது; பாண்டிச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகளை சொல்தா வீடு என்பார்கள். பிரான்சிலேயே படித்து அங்கேயே வாசித்துவிட்டு, வயதான பிறகு இங்கே வந்து முந்திரித் தோப்புக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டவர். தினமும் காலையில் ஒரே உருப்படியை வாசிப்பார். நான் தோசை சுடும்போதும் அதுதான், பாத்திரம் கழுவும்போதும் அதுதான். எனக்கு அது பிடித்ததா என்று யோசித்ததில்லை. மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் அவருடைய வில்லைக் காணோம். அதன் விலைக்கு எங்கள் ஊரில் நிலம் வாங்கலாம் என்றான் டிரைவர். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போலீசுக்கு போன் போட்டு, "வீட்டுக்குள்ள வர்ற வெளியாள் இவன் ஒருத்தன்தான்" என்று என் முன்னாலேயே சொன்னார். ஸ்டேஷனில் ஒருவர் கேள்வி கேட்டார், இன்னொருவர் அறைந்தார். அறைந்தவருக்குப் பெரிய கை. இடது காதுக்குள் சங்கு ஊதுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. சில நாள் அது ஊதிக்கொண்டே இருந்தது. பிறகு சங்கும் நின்றது, கேட்பதும் நின்றது.

வில் சென்னையில் இருந்தது. கச்சேரிக்குப் போன இடத்தில் ஒரு மாணவியின் வீட்டில் அவரே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் பார்சலில் அனுப்பிவிட்டாள். என்னை வெளியே விட்டார்கள். செலோக்காரர் வரவில்லை, டிரைவரிடம் ஒரு புதுச் சட்டை கொடுத்தனுப்பினார். கவர் பிரிக்காத சட்டை. எனக்குச் சின்னது. பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த ஒருவனிடம் அதைக் கொடுத்துவிட்டு வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். மரக்காணத்தில் இறங்கியதற்குக் காரணம் எதுவுமில்லை. உப்பளத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சேர்ந்துகொண்டேன்.

அளத்தில் விடிவதற்கு முன்பே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பாத்தியில் பூத்த உப்பைப் பலகையால் வரப்போரம் இழுத்துக் குவிக்கிற வேலை. காலில் வெடிப்பு இருந்தால் எரியும். எல்லோர் காலிலும் வெடிப்பு இருந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலாளியின் வீடு அளத்து ஓரத்திலேயே இருந்தது. தனி ஆள். இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும் சென்ட் பாட்டில் வாங்க, இவர் இசைத்தட்டு வாங்கியிருக்கிறார். அப்பா போன பிறகு அளத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார். தட்டுகளும் கூடவே வந்தன. எனக்குச் சமையல் தெரியும் என்று கேள்விப்பட்டு, அளத்து வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னார். கொஞ்ச நாளில் சமையல் பாதி, தட்டு வேலை பாதி என்று ஆயிற்று. கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. பிளேயரின் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். அதைச் சுரண்டுவது, தட்டைத் துடைப்பது, ஊசியை வைப்பது எல்லாம் நான். அவருக்குக் கை நடுக்கம். அவர் ஊசி வைத்தால் தட்டில் கோடு விழும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அளத்துக்குக் கடலோர ஊற்றிலிருந்து உப்புத் தண்ணீர் இறைக்கும் மூன்று மோட்டார்களும் வீடும் ஒரே டிரான்ஸ்பார்மர். மூன்றும் ஓடினால் வீட்டில் வோல்டேஜ் சாய்ந்துவிடும். பிளேயர் பழைய காலத்துச் சாமான். வோல்டேஜ் குறைந்தால் தட்டு தளர்ந்து சுற்றும், பாட்டும் தளர்ந்து கீழே இறங்கும். முன்பு ஒரு முறை அப்படி ஆகி, ஒரு பாடகி ஆம்பிளைக் குரலில் பாடினாளாம். அதற்குப் பிறகு முதலாளி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அதிலும் முழு நம்பிக்கை இல்லாமல், மோட்டார் ஓடும்போது ரெக்கார்டு போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். காலையில் மோட்டார், சாயங்காலம் பாட்டு.

ஒரு சாயங்காலம் அவர் ஒரு தட்டை நீட்டினார். ஊசியை வைத்தேன். இரும்பை வீட்டில் தினமும் கேட்ட அதே உருப்படி. எனக்குத் தோசைக்கல் புகையும் வாசனையே வந்துவிட்டது.

"இது யாருதுங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியாத ஆளு" என்றார் முதலாளி. "ஐரோப்பாவுல ஒரு மலையூரு. சர்க்கார் உப்பு ஆபீசுல குமாஸ்தா. பகல்ல உப்புக் கணக்கு, மிச்ச நேரத்துல பாட்டு. செலோவுக்கு மூணு கான்செர்ட்டோ எழுதி வெச்சிட்டுச் செத்துட்டான். நம்ம ஆளுப்பா அவன்."

கான்செர்ட்டோ என்றால் ஒரு வாத்தியக்காரர் முன்னால் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் பெரிய வாத்தியக் கூட்டத்தோடு மாறி மாறி வாசிக்கும் நீளமான உருப்படி. வேகமாக ஒரு பாகம், மெதுவாக ஒரு பாகம், மறுபடி வேகமாக ஒரு பாகம். இந்தக் குமாஸ்தாவுடைய மூன்றையும் சேர்த்து வாசித்துத் தட்டு போட்டவர்கள் உலகத்திலேயே நான்கு பேர்தான் என்றார் முதலாளி. நான்கு தட்டும் அவரிடம் இருந்தன. வெளிநாட்டில் இது மாதிரி மறந்துபோனவர்களைத் தேடிக் கேட்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் இவருக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். நான்கையும் ஒப்பிட்டு, எது சிறந்தது என்று காரணத்தோடு எழுத வேண்டும். அவர் சொல்லும் தட்டை ஒரு சின்னக் கம்பெனி புதிதாகப் போட்டு விற்கும். மற்ற மூன்றும் போனது போனதுதான்.

நான்காவது தட்டின் உறையில் வாசித்தவர் படம் இருந்தது. தலைமுடி கறுப்பு, கன்னம் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த மூக்கு எனக்குத் தெரியும். கைவிரல்களும் தெரியும். நான் தட்டை உறையில் போட்டு, மற்ற மூன்றுக்கும் அடியில் வைத்தேன். முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது.

செலோக்காரருக்கு விஷயம் எப்படியோ எட்டியிருக்கிறது. இரண்டு வாரத்தில் கார் போட்டுக்கொண்டு அளத்துக்கே வந்துவிட்டார். வரப்பில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நடந்து வந்தார். கதவைத் திறந்தது நான். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தம்பி, ஒரு டீ கெடைக்குமா? சர்க்கரை வேணாம்" என்றார்.

சர்க்கரை வேண்டாம் என்பதும், இலை கொதிக்கக் கூடாது என்பதும், டம்ளர் அல்ல கப் என்பதும் எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லையே, இந்தக் காட்டுல இப்பிடி ஒரு டீயா" என்று முதலாளியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் தன்னுடைய தட்டின் ஒரு நல்ல பிரதியைக் கொண்டுவந்திருந்தார். கீறல் இல்லாதது.

"நான் ஒண்ணும் ரெகமண்டேஷனுக்கு வரலைங்க" என்றார். "உங்க கிட்ட இருக்கிறது பழசா இருக்கும், சரியாக் கேக்காதுன்னுதான். வாழ்க்கைல நான் பண்ண ரெக்கார்டு இது ஒண்ணுதான். கம்பெனி அடுத்த வருஷமே மூடிட்டான். அங்க இருக்கறவனுக்கு நான் யாரோ இந்தியாக்காரன், இங்க இருக்கறவனுக்கு நான் யாரோ வெள்ளைக்காரப் பாட்டுக்காரன். இது திரும்ப வந்தாதான் நான்னு ஒருத்தன் வாசிச்சேன்னு தெரியும்."

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். "கேட்டுட்டுச் சொல்றேங்க. நாலையும் ஒரே மாதிரிதான் கேப்பேன்."

"அது போதும்" என்று எழுந்தார். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த இடம் அன்று முழுவதும் எனக்கு ஈரமாக இருப்பது போலவே இருந்தது.

அவருக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அவனை எப்படிக் கெடுப்பது? அதுவரை நான் வெறுமனே வெறுத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி தட்டுகளைக் கேட்கும் விதம் இப்படி. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு தட்டு. ஃபேன் ஓடக் கூடாது, ஜன்னல் பாதி சாத்தியிருக்க வேண்டும். அவர் ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஸ்பீக்கருக்கு வலது காதைக் காட்டித் தரையில் உட்காருவேன். முடிந்ததும், "எப்பிடி?" என்பார். எனக்கு இசை தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார், தனியாக இருக்கும் மனிதர்.

முதல் தட்டு பெரிய பெயர் உள்ளவருடையது. எல்லாம் சுத்தமாக இருந்தது. "சாப்பாடு நல்லாத்தான் இருக்குது, ஆனா பசியோட செய்யல" என்றேன். முதலாளி சிரித்தார். இரண்டாவது ஒரு ரேடியோ நிலையத்தில் பதிந்தது. நடுவில் யாரோ இருமுகிறார். முதல் கான்செர்ட்டோவின் மெதுவான பாகத்தில் வாத்தியக் கூட்டம் நின்றுபோய், செலோ மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போகும் ஓர் இடம் உண்டு. அங்கே சரியாக இருமல் வந்து விழுந்தது. "இருமறவன் நல்லா இருமறான்" என்றார் முதலாளி. மூன்றாவது ஒரு பெண்மணி, பனி பெய்யும் ஏதோ ஊர்க்காரர். அவர் அந்தத் தனி இடத்தில் அவசரப்படவும் இல்லை, அழவும் இல்லை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலையைச் செய்பவர் மாதிரி, நிறுத்தாமல், அலட்டாமல் இழுத்துக்கொண்டே போனார். அன்றைக்கு முதலாளி என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது.

நான்காவது தட்டுக்கு நாள் குறித்தார். அன்று காலை நான் அளத்து மேஸ்திரி அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஆள் வேலை பிரிப்பதும் மோட்டார் போடுவதும் அவள் பொறுப்பு. பாத்தி ஓரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாயந்தரம் நாலு மணிக்கு மூணு மோட்டாரையும் போட்டு வுடு."

"ஏம்பா, பாத்தி பூரா உப்பு பூத்துக் கெடக்குது. தண்ணிய எங்க ஊத்தறது, உன் தலையிலயா?"

"வாய்க்கால்ல திருப்பி வுடேன்."

"கரை ஒடைஞ்சா யாரு கட்டறது? மொதலாளி சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"நீ என்னாத்துக்குச் சொல்றே? பாட்டு கேக்கற ஆளு நீ, பாட்டைக் கேளு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒருத்தன் கழுத்தை அறுக்கணும்க்கா."

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மோட்டார் போட்டா கழுத்து அறுந்துடுமா?"

"இவனுக்கு அறுந்துடும்."

"யாரு, அந்த வெள்ளை ஷூ போட்டுக்கினு வந்தாரே, அவரா?" என்றாள். "வரப்புல நம்ம பொம்பளைங்க உப்பு தூக்கிக்கினு வர்றாங்க, ஒதுங்கி நிக்காம அப்பிடியே வர்றான் அந்தாளு. சரி போ, போட்டு வுடறேன். உப்பு கரைஞ்சுதுன்னா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

சாயங்காலம் காற்று கடலிலிருந்து வீசும். வீடு கடலுக்கும் மோட்டார்களுக்கும் நடுவில் இருந்ததால் மோட்டார் சத்தம் மேற்கே போய்விடும், வீட்டுக்குக் கேட்காது. ஃபேன் நின்றிருப்பதால் அது தளர்வதும் தெரியாது. நான் பிளேயரின் பிளக்கை ஸ்டெபிலைசரிலிருந்து பிடுங்கிச் சுவரில் சொருகினேன். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். எருமை முனகுவது போலக் கேட்கப் போகிறது, முதலாளி முகத்தைச் சுளிக்கப் போகிறார், அதோடு ஒரு மனிதன் வாழ்நாளில் செய்த ஒரே தட்டு முடிந்துபோகும் என்று வலது காதைக் காட்டி உட்கார்ந்தேன்.

தட்டு தளர்ந்துதான் சுற்றியது. செலோ கீழே இறங்கித்தான் ஒலித்தது. இரும்பை வீட்டில் நான் கேட்ட உயரத்தில் இல்லை.

முதலாளி கண்ணைத் திறந்தார். "மோட்டார் ஏதும் ஓடுதா?"

"இல்லீங்க."

"ஸ்டெபிலைசர்?"

"ஓடுதுங்க."

மறுபடி கண்ணை மூடினார். முதல் பாகம் போயிற்று. மெதுவான பாகம் வந்தது. தனி இடத்தில் செலோ நிலத்துக்கு அடியில் ஓடுவது மாதிரி கனமாக, தடித்துப் போயிற்று. முதலாளி முகம் சுளிக்கவில்லை. மூக்கு விடைத்தது. அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தார்.

முடிந்ததும் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சுருதி எறங்கி இருக்குது, கவனிச்சியா?" என்றார்.

"ஆமாங்க. கீழ போவுது" என்றேன். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"அந்தக் குமாஸ்தா காலத்துல சுருதி இப்ப மாதிரி கெடையாதுப்பா. இப்ப வெக்கறதைவிட அரைக் கட்டை கீழ வெப்பாங்க. தந்தியும் ஆட்டுக் குடல்ல திரிச்ச தந்தி. இப்பத்தான் நாலு பேரு அப்பிடி வாசிக்கணும்னு பேச ஆரம்பிச்சிருக்காங்க. இந்த மனுஷன் அத்தினி வருஷத்துக்கு முன்னாடியே, யாரும் சொல்லாம, தானா எறக்கி வெச்சிருக்கான். அவசரமும் இல்லை பாத்தியா. எவனுக்கும் புரியாமப் போயிருக்குது."

எங்கள் அளத்து மோட்டாருக்கு அவர் பழைய காலத்து ஐரோப்பாவில் இடம் தேடிக் கொடுத்துவிட்டார். மறுநாள் அக்கா வேறு சண்டைக்கு வந்தாள். வாய்க்கால் கரை பெயர்ந்து இரண்டு பாத்தி உப்பு கரைந்துவிட்டது. நான்தான் மண் வெட்டிக் கட்டினேன். கட்டிக்கொண்டே யோசித்தேன். என் கையாலேயே அவனைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். அறை வாங்கியதற்குப் பிறகு அவ்வளவு கேவலமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் முதலாளி திரும்பக் கேட்பார், அவ்வளவுதான். தட்டு ஒழுங்காகவே இருந்துவிட்டால் அவன் தப்பித்துக்கொள்வான். நான் சொல்லாமல் இருந்தேன். முதலாளி எழுத ஆரம்பித்தார். நான்காவது தட்டுக்குப் பக்கம் பக்கமாக. அனுப்பும் முன் வாசித்தவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் போட்டு அவரை வரச் சொன்னார்.

செலோக்காரர் இந்தத் தடவை இனிப்புப் பெட்டியோடு வந்தார். நான் டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார் முதலாளி. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "அந்தக் காலத்துலேயே சுருதியை எறக்கி வெச்சு வாசிச்சிருக்கீங்களே, அது எப்பிடித் தோணுச்சு? யாரு சொன்னாங்க?"

செலோக்காரர் இனிப்புப் பெட்டியை மேசை மேல் வைத்தார். அவர் சுருதியை இறக்கவில்லை. இறக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் கேட்ட எனக்கும் தெரியும். 'இல்லைங்க, நான் சாதாரணமாத்தான் வெச்சேன்' என்று அவர் சொல்லியிருந்தால், நான் அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போயிருப்பேன். அதற்கு மேல் செய்ய என்னிடம் எதுவும் இல்லை.

"யாரும் சொல்லலைங்க" என்றார். "எனக்கா ஒரு உள்ளுணர்வு. இந்தப் பாட்டுக்கு இதுதான் சரின்னு பட்டுது. அப்ப எல்லாரும் திட்டுனாங்க."

திட்டினார்களாம். அதையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஐயா, சாரும் வந்திருக்காரு. ஒரு தடவை சேர்ந்து கேட்டுடலாமே" என்றேன். "மொதல்ல அந்த அம்மாவோடதை வெக்கிறேன், அப்புறம் சாரோடது. வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"நல்ல யோசனைப்பா" என்றார் முதலாளி.

மோட்டார் எதுவும் ஓடவில்லை. பிளக் ஸ்டெபிலைசரில் இருந்தது. பனியூர்ப் பெண்மணியின் தட்டில் மெதுவான பாகத்தை வைத்து, கொஞ்சம் ஓடவிட்டு எடுத்தேன். பிறகு செலோக்காரர் கொண்டுவந்த கீறல் இல்லாத தட்டில், அன்றைக்கு வைத்த அதே தட்டில், அதே பாகம்.

இரண்டும் ஒரே சுருதி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இறங்கவும் இல்லை, கனமும் இல்லை. அந்தத் தனி இடம் வந்தபோது, அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வாத்தியக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள ஓடுவது போல இருந்தது. நான் நியாயமாகச் சொல்கிறேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அவர் வாசிப்பதை நியாயமாகக் கேட்க எனக்கு ஒரு காது போதாது.

முதலாளி நிமிர்ந்தார். "ஏம்பா, தட்டை மாத்திட்டியா?"

"இல்லீங்க. சாரோடதுதான்."

"அன்னிக்குக் கேட்டது?"

"அன்னிக்கு மூணு மோட்டாரும் ஓடுச்சுங்க. பிளக்கை நேராச் சுவத்துல சொருகிட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். "நீங்க எறக்கி வெச்சதாச் சொன்னீங்களே" என்றார். கோபமில்லை அந்தக் குரலில். புரியாமல் கேட்கிற குரல்.

"அது... ரொம்ப வருஷம் ஆச்சு இல்லையா. சரியா ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இல்லாமயே சொல்றது சாருக்குப் பழக்கம்ங்க" என்றேன். "வில்லு காணோம்னாரு, நான்தான் எடுத்தேன்னாரு. அதுவும் ஞாபகம் இல்லாமச் சொன்னதுதான். வில்லு மெட்ராசுல இருந்துது."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து நான் கொடுத்த டீயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தோளைத் தட்டினார். என்னைப் பார்த்தது அப்போதுதான். முகத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுவது தெரிந்தது. வீடு, தோட்டம், ஸ்டேஷன்.

"நீயா" என்றார். "நீ ஏன் மொதல் நாளே சொல்லலை?"

"சார் ஏன் கேக்கலை?"

அவர் எழுந்தார். இனிப்புப் பெட்டியை எடுப்பதா விடுவதா என்று ஒரு கணம் தடுமாறி, விட்டுவிட்டார். கதவருகே என்னைத் தாண்டும்போது நின்று, குரலைத் தாழ்த்தி எதையோ சொன்னார். அவர் நின்றது என் இடது பக்கம். உதடு அசைந்தது தெரிந்தது. அது மன்னிப்பா, வசவா, எனக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்பி வலது காதைக் காட்டியிருந்தால் கேட்டிருக்கும். நான் திருப்பவில்லை. அவரும் திரும்பச் சொல்லவில்லை. வரப்பில் இறங்கிப் போனார்.

முதலாளி தான் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாக மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"நீ பண்ணது அவனுக்கு மட்டும் இல்லை" என்றார். "எனக்கும் சேத்துப் பண்ணிட்டே. இதை அனுப்பியிருந்தா ஒலகமே சிரிச்சிருக்கும்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சேவா?"

"ஆமாங்க."

அவர் நல்லவர். எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவர். அவருக்கு வலித்தது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்காக நான் செய்ததை மாற்றிச் செய்திருக்க மாட்டேன். அவரும் அதை முகத்திலேயே படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இனிமேல் வீட்டுக்குள் வர வேண்டாம், முழு நேரமும் அளத்தில் இரு என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் புதிதாக எழுதிப் பனியூர்ப் பெண்மணியின் தட்டைச் சொன்னார். அதை அந்தச் சின்னக் கம்பெனி மறுபடி போட்டது. பெட்டியில் வந்து இறங்கியபோது வாசல் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். செலோக்காரருடைய தட்டு எங்கேயும் வரவில்லை, இனி வரவும் வராது. அவர் கச்சேரிக்கெல்லாம் போவதை விட்டுவிட்டார், தோப்பை விற்கப் பார்க்கிறார் என்று இரும்பைக்குப் பக்கத்தில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு டீக்கடையில் அவருடைய பழைய டிரைவர் சொன்னான். நான் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மழைக்கு முந்தின வாரம், உப்பு அம்பாரத்துக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தோம். முதலாளி வரப்பு வழியாக வந்தார். அந்த விஷயத்துக்குப் பிறகு அவராக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"அவன் வீட்டை வித்துட்டுப் பிரான்சுக்கே போறானாம்" என்றார். "இப்பவாச்சும் ஒனக்கு ஆறுச்சா?"

கையில் இருந்த கீற்றை அம்பாரத்தின் மேல் போட்டு, கயிறு இழுத்துக் கட்டினேன்.

"இல்லீங்க" என்றேன். "அவருக்கு ரெண்டு காதும் கேக்குது."

முதலாளி கயிற்றைத் தொட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு, முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துக் கட்டு என்று சொல்லிவிட்டுப் போனார். மழை தொடங்கியதும் அளம் மூடிவிட்டது. நான் பஸ் ஏறினேன்.